தலைப்பில் எண் எதற்கு? பட்டியல் கட்டுரைகளின் மனக்கணக்கு

"நன்றாகத் தூங்க 9 வழிகள்", "புதிதாக முதலீடு செய்பவர்கள் செய்யும் 5 தவறுகள்", "இந்த ஆண்டின் சிறந்த 10 லேப்டாப்கள்". ஃபீடைத் திறந்து கொஞ்சம் தள்ளினாலே இப்படி ஒரு தலைப்பு கண்ணில் படும். எழுதுகிறவர்களுக்கே இது சலித்துப்போய்விட்டது. படிக்கிறவர்களும் கேலி செய்கிறார்கள். இருந்தும் கிளிக் விழுகிறது. கேலி செய்தவரும் பல நேரம் கிளிக் செய்கிறார்.

இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். "மக்களுக்குப் பொறுமை போய்விட்டது" என்பது ஒன்று. "மூளைக்கு எண் என்றால் பிடிக்கும்" என்பது மற்றொன்று. இரண்டும் எதையும் விளக்குவதில்லை. கிளிக் செய்வதற்கு முன்பு ஒரு எண் செய்யும் வேலை வேறு, படிக்கும்போது செய்யும் வேலை வேறு, படித்து முடித்த பிறகு செய்யும் வேலை வேறு. இவற்றில் சிலவற்றுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. சில, மார்க்கெட்டிங் உலகம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி உறுதியாக்கிக்கொண்ட பேச்சு.

எதைப் பட்டியல் என்கிறோம்

கன்டென்ட் மார்க்கெட்டிங்கில் "எங்கள் பொருளை வாங்குங்கள்" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. பயனுள்ளதாகத் தோன்றும் கட்டுரை, வீடியோ, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்து வாசகரைப் பொருளின் பக்கம் மெல்லக் கொண்டுவருவார்கள். கட்டுரைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பின்னால் நடக்கும் விற்பனையிலோ விளம்பரத்திலோதான் வருமானம். அதனால் எத்தனை பேர் தலைப்பைப் பார்த்தார்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் செய்தார்கள் என்று எல்லாம் அளக்கப்படுகிறது. அளக்கப்படும் இடத்தில் எது எடுபடுகிறதோ அதுவே பெருகும். லிஸ்டிகிள் எனப்படும் பட்டியல் கட்டுரை பெருகியது அப்படித்தான்.

எண் போட்ட பட்டியல் எல்லாம் ஒரே இனம் அல்ல. மூன்று வகை உண்டு:

1. படிமுறை. ஒரு சாஃப்ட்வேரை நிறுவும் வழி, முதலுதவி செய்யும் முறை. 2-ஐ முடிக்காமல் 3-க்குப் போக முடியாது. இங்கே வரிசைதான் விஷயமே.

2. தரவரிசை. 1 என்பது 2-ஐவிடச் சிறந்தது என்று யாரோ தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். எதை அளந்து, யார் சொன்னார்கள் என்பதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது.

3. திரட்டு. "9 வழிகள்", "7 ரகசியங்கள்" எல்லாம் இதில் சேரும். ஒரே தலைப்பின்கீழ் வரக்கூடிய விஷயங்களை ஒன்றாகப் போட்டிருப்பார்கள்.

சோதிப்பது எளிது. பட்டியலைக் குலுக்கி வேறு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அது திரட்டு. இணையத்தில் உலவும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகைதான். ஆனால் 1, 2, 3 என்று எண் போட்டதுமே முதல் இரண்டு வகைகளின் கண்டிப்பு இதற்கும் ஒட்டிக்கொள்கிறது. யாரோ அளந்து, ஒழுங்குபடுத்தி, முழுமையாகத் தந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வருகிறது. எண் செய்யும் முதல் வேலை இதுதான். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கிளிக்குக்கு முன்பு

அடிப்படையான விஷயம் கண்ணில் தொடங்குகிறது. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கம் எதையும் மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். ஸ்மார்ட்போனுக்கும் சமூக வலைதளங்களுக்கும் பல ஆண்டுகள் முன்பே இதுதான் நிலைமை என்பதைக் கவனிக்க வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்ற புலம்பலுக்கு இதில் இடமே இல்லை. திரையில் மேய்ந்து படிப்பது பழைய பழக்கம்.

அவரது நிறுவனம் 2007-ல், கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளின் அடிப்படையில், எண்ணைச் சொல்லாக எழுதாமல் இலக்கமாக எழுதும்படி பரிந்துரைத்தது. எழுத்துகளின் நடுவே 23 என்பது வடிவத்தில் தனித்துத் தெரிகிறது. "இருபத்து மூன்று" என்பது மற்றச் சொற்களோடு கரைந்துவிடுகிறது. மேய்ந்துகொண்டு போகும் கண், இலக்கத்தில் ஒரு கணம் நிற்கிறது. தலைப்பில் எண் இருப்பதன் முதல் பலன் அவ்வளவுதான். இதில் பெரிய உளவியல் ஏதும் இல்லை.

நின்ற கண்ணை உள்ளே இழுப்பது வேறொன்று. 1994-ல் உளவியல்-பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆர்வத்தைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருப்பதை உணரும்போது ஆர்வம் பிறக்கிறது என்றார் அவர். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளியை உணர முடியாது. கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், கொஞ்சம் குறைய வேண்டும்.

எண் இந்த இடைவெளிக்கு ஓர் அளவு கொடுக்கிறது. "முதலீட்டில் செய்யும் தவறுகள்" என்றால் விஷயம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியாது. "5 தவறுகள்" என்றதும் மனம் கணக்குப் போடுகிறது: எனக்கு இரண்டு தெரியும், மூன்றாவதும் ஊகிக்க முடிகிறது, மற்ற இரண்டு என்ன? அந்த இரண்டுதான் கிளிக்கை வாங்குகின்றன. "இவற்றில் எத்தனை உங்களுக்குத் தெரியும்?" என்று தலைப்பிலேயே சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை வெளிப்படையாக நடத்துகிறார்கள்.

இதைவிட முக்கியமானது செலவு. வாசகர் தலைப்பைப் பார்க்கும்போது கட்டுரை நல்லதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. படித்த பிறகுதான் தெரியும், அதற்குள் நேரம் போயிருக்கும். ஆகவே அவர் முடிவெடுப்பது தரத்தை வைத்து அல்ல, இழப்பு எவ்வளவு இருக்கும் என்பதை வைத்து. தலைப்பில் உள்ள எண் இழப்புக்கு ஒரு மேல்வரம்பு சொல்கிறது. ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத்தலைப்பு, பிடிக்காததைத் தாண்டிப் போகலாம், நடுவில் விட்டாலும் படித்த வரை லாபம். ஒரு வாதத்தைக் கட்டி எழுப்பும் கட்டுரையை இப்படித் தாண்டித் தாண்டிப் படிக்க முடியாது. நடுவில் விட்டால் கையில் ஒன்றும் தங்காது. பட்டியல் ஜெயிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அது உறுதி தருவதில்லை. வாசகர் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று உறுதி தருகிறது.

"எண் வைத்தால் கிளிக் கூடும்" என்பதற்கு என்ன ஆதாரம்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்க்கெட்டிங் கட்டுரைகள் அடிக்கடி காட்டும் ஆதாரங்கள் இரண்டு வகை.

முதலாவது, விருப்பக் கணக்கெடுப்பு. பல வகைத் தலைப்புகளைக் காட்டி "எது பிடிக்கிறது?" என்று கேட்பார்கள், எண் உள்ளது முதலிடம் பெறும். பிடிக்கிறது என்று சொல்வதும் கிளிக் செய்வதும் ஒன்றல்ல. ஆவலைத் தூண்டி கிளிக் வாங்கவே எழுதப்படும் கிளிக்பெய்ட் தலைப்பு பிடிக்கும் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குக் கிளிக் விழத்தான் செய்கிறது.

இரண்டாவது, பகிர்வுக் கணக்கு. 2017-ல், இணையத்தில் எது எவ்வளவு பகிரப்படுகிறது என்று அளக்கும் பஸ்சுமோ நிறுவனம் 10 கோடி தலைப்புகளை அலசியபோது, பட்டியல் தலைப்புகளில் 10 என்ற எண் முன்னணியில் வந்தது. அளவு பெரியதுதான், ஆனால் இது பரிசோதனை அல்ல. யார் எழுதினார்கள், அவர்களுக்கு எத்தனை லட்சம் பேர் பின்தொடர்பவர்கள், விஷயம் என்ன என்பதெல்லாம் எண்ணோடு கலந்து கிடக்கிறது. 2006-ல் தொடங்கிய பஸ்ஃபீட் போன்ற பெரிய தளங்கள் பட்டியலையே தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டன. அவர்கள் எழுதியது பரவியதற்குப் பட்டியல் காரணமா, அவர்களின் வீச்சு காரணமா என்று இந்தக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

சரியான வழி ஏ/பி சோதனை. ஒரே கட்டுரை, இரண்டு தலைப்புகள். யாருக்கு எது போகும் என்பது குலுக்கலில் முடிவாகும். சமூக வலைதளங்களில் பரவும் கட்டுரைகளை வெளியிட்ட அப்வொர்தி தளம் இப்படி ஆயிரக்கணக்கில் செய்த சோதனைகளின் தரவு பின்னர் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அதை வைத்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் கிளிக் வீதம் சுமார் 2.3 சதவீதம் உயர்ந்தது தெரியவந்தது. எண்ணைப் பற்றிய முடிவு அல்ல இது. தலைப்பில் ஒரு சிறு மாற்றம் தரும் பலன் எந்த அளவில் இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லட்சக்கணக்கில் பார்வை உள்ள தளத்துக்கு 2 சதவீத உயர்வே நல்ல பணம். மாதம் சில நூறு பேர் வரும் தளத்துக்கு அது கண்ணுக்கே தெரியாது. "எண் வையுங்கள், வாசகர் குவிவார்கள்" என்று ஆலோசனை சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பேசுவதில்லை.

உள்ளே வந்த பிறகு

எண் போட்ட பத்திகள் நெடுஞ்சாலையின் மைல்கற்கள் மாதிரி. எவ்வளவு வந்துவிட்டோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு எண்ணும் சொல்கிறது. இதன் விளைவைப் பற்றி நிறையவே தெரியும்.

உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே, இலக்கை நெருங்க நெருங்க எலிகள் வேகம் கூட்டுவதைக் காட்டினார். மனிதர்களிடம் இதைச் சோதித்தவற்றில் புகழ்பெற்றது, 2006-ல் ஜோசப் நூன்ஸும் சேவியர் ட்ரேஸும் கார் கழுவும் நிலையம் ஒன்றில் செய்தது. ஒரு பிரிவினருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம் என்று அட்டை கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு 10 முத்திரை அட்டை, ஆனால் 2 முத்திரை முதலிலேயே குத்தப்பட்டிருந்தது. இருவருக்கும் தேவைப்பட்டது 8 முத்திரைதான். முதல் பிரிவில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள். இரண்டாம் பிரிவில் 34 சதவீதம். ஏற்கெனவே தொடங்கிவிட்டோம் என்ற எண்ணம் செய்த வேலை அது.

பட்டியலில் இது எப்படித் தெரிகிறது? 7-ல் 4-ஐப் படித்து முடித்தவர், "பாதிக்கு மேல் வந்தாச்சு" என்று மீதியையும் பார்த்துவிடுகிறார். முதல் உருப்படியை இரண்டே வரியில் முடிப்பதும் இதே தந்திரம்தான். வாசகருக்கு உடனே ஒன்று முடிந்த திருப்தி கிடைக்கிறது. 10-லிருந்து 1-க்கு இறங்கும் தரவரிசையில் இழுப்பு இன்னும் பலமானது. கடைசியில் பரிசு வைத்திருப்பதால், நடுவில் விட்டால் முதலிடம் யாருக்கு என்பது தெரியாமல் போகும்.

இந்த இடத்தில் மார்க்கெட்டிங் நூல்கள் தவறாமல் கொண்டுவரும் பெயர் ப்ளூமா சைகார்னிக். முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்று 1927-ல் எழுதியவர். ஆனால் அந்த முடிவு பிற்காலச் சோதனைகளில் சரியாகத் தாக்குப்பிடிக்கவில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நினைவில் அப்படி ஒரு பொதுவான அனுகூலம் தெரியவில்லை என்றது. தாக்குப்பிடித்தது அவருடைய சக ஆய்வாளர் மரியா ஓவ்சியாங்கினா 1928-ல் சொன்னது: தடைப்பட்ட வேலையை வாய்ப்புக் கிடைத்ததும் மனிதர்கள் தாமாகவே மீண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. பாதியில் நிற்கும் பட்டியல் வாசகரைத் தொடரவைக்கும் என்று நம்பலாம். அதில் உள்ள விஷயம் அவர் மனதில் தங்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பிரபலமானது ஒருவர் பெயர், நிலைத்தது மற்றவர் கண்டுபிடிப்பு. ஆய்வுலகில் இது புதிதல்ல.

ஏழுக்கு என்ன விசேஷம்

ஒன்றும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

"மனித மூளை ஏழு விஷயங்களைத்தான் ஒரே நேரத்தில் வைத்திருக்கும், அதனால் பட்டியல் ஏழில் நிற்க வேண்டும்" என்ற அறிவுரைக்கு மூலம், உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரை. அவர் பேசியது, சற்று முன் கேட்டதை உடனே திருப்பிச் சொல்லும்போது எத்தனை உருப்படிகள் தேறும் என்பதைப் பற்றி. அதிலும் உருப்படி என்பது நிலையான அளவு அல்ல. தெரிந்த எழுத்துகளைச் சொல்லாகக் கொத்தாக்கிக்கொண்டால் ஒரு உருப்படிக்குள் நிறைய அடக்கலாம். 2001-ல் நெல்சன் கோவன் இதை மறுபடி ஆராய்ந்து, கொத்தாக்க வழியில்லாதபோது எண்ணிக்கை சுமார் 4 என்று குறைத்தார்.

அது 7 ஆனாலும் 4 ஆனாலும், பக்கத்தில் எழுதியிருக்கும் பட்டியலுக்கு இது பொருந்தாது. எழுத்து அங்கேயே இருக்கிறது. மேலே ஸ்க்ரோல் செய்தால் மறுபடி பார்க்கலாம். எதையும் மூளையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தேவை இல்லை. ரேடியோவில் தொலைபேசி எண் சொல்பவருக்கு மில்லர் உதவுவார். "சிறந்த 25 ஆப்கள்" எழுதுபவருக்கு அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

எந்த எண் என்பதைப் பற்றி ஓரளவு நம்பத்தக்க முடிவுகள் இவை:

1. வாசகரிடம் ஒன்றை விற்கும்போது 3. சுசான் ஷூவும் கர்ட் கார்ல்சனும் 2014-ல் காட்டியது இது. விளம்பரம் என்று தெரிந்த இடத்தில், ஒரு பொருளின் நல்ல அம்சங்களை மூன்று வரை சொன்னால் மதிப்பு ஏறுகிறது. நான்காவதைச் சொன்னதும் "ரொம்பவும் தள்ளப் பார்க்கிறார்களே" என்ற சந்தேகம் தலைகாட்டுகிறது. விற்கும் நோக்கம் இல்லை என்று வாசகர் கருதும் இடத்தில் இந்த வரம்பு இல்லை.

2. தரவரிசையில் 10. மேத்யூ ஐசக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 2014-ல் விளக்கியபடி, நீளமான தரவரிசையை மனம் உருண்டையான எண்களில் வெட்டிக்கொள்கிறது: முதல் 10, முதல் 20, முதல் 25. அதனால் 10-ஆம் இடத்துக்கும் 11-ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம், 9-க்கும் 10-க்கும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் இரண்டு இடத்திலும் ஒரே ஒரு படிதான்.

3. நம்பகத்தன்மைக்கு உருண்டையாக இல்லாத எண். "ஒரு வருடம்" என்பதைவிட "365 நாள்" என்பது துல்லியமாக ஒலிக்கிறது. சொல்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். சார்லஸ் ஜாங்கும் நோர்பர்ட் ஷ்வார்ஸும் 2012-ல் இதைச் சோதித்தார்கள். சொல்பவர் மேல் சந்தேகம் இருந்தால் இந்தப் பலன் போய்விடுகிறது. "37 வழிகள்" என்ற தலைப்புக்கு இதை நேரடியாகப் பொருத்திவிட முடியாது. ஆனால் 40 என்பது நிரப்பிய எண்போலவும், 37 என்பது எண்ணிப் பார்த்துச் சொன்னதுபோலவும் தோன்றுவதற்கு இதே காரணம் இருக்கலாம்.

ஒற்றைப்படை எண் இரட்டைப்படையைவிட நன்றாக ஓடும் என்ற பேச்சும் உண்டு. உறுதியான சோதனையோடு அதைச் சொல்பவரைக் காண்பது அரிது. பகிர்வுக் கணக்கில் 10 முன்னணியில் வந்ததும் அந்தப் பேச்சுக்கு ஒத்துவரவில்லை.

பட்டியல் எங்கே ஏமாற்றுகிறது

இதுவரை சொன்னதெல்லாம் எண் செய்யும் சேவை. அது செய்யும் கெடுதல் கொஞ்சம் ஆழமானது.

முதலில், அளவு. 1984-ல் ரிச்சர்ட் பெட்டியும் ஜான் கசியோப்போவும் மாணவர்களுக்கு ஒரு யோசனையை ஆதரிக்கும் வாதங்களைக் கொடுத்தார்கள். சிலருக்கு 3, சிலருக்கு 9. சில வாதங்கள் பலமானவை, சில சொத்தையானவை. யோசனை தம்மைப் பாதிக்காது என்று நினைத்தவர்கள் 9 வாதங்களைப் பார்த்ததும் அதிகமாக ஒத்துக்கொண்டார்கள், வாதங்கள் சொத்தையாக இருந்தாலும். தம்மைப் பாதிக்கும் என்று நினைத்தவர்களிடம் கதை தலைகீழ். சொத்தை வாதங்கள் கூடக்கூட அவர்களின் ஒப்புதல் குறைந்தது. பட்டியல் கட்டுரையை அசட்டையாக மேயும் வாசகர் முதல் வகை. "9 காரணங்கள்" என்பதில் அவரை நம்பவைப்பது 9-தான், காரணங்கள் அல்ல. உண்மையிலேயே முடிவெடுக்கும் கட்டத்தில் இருப்பவர் இரண்டாம் வகை. பொருளை வாங்கப்போகிறவரும் அவர்தான். எண்ணிக்கையைக் காட்டி ஆயிரம் பேரை உள்ளே இழுத்துவிட்டு, வாங்க வந்த பத்துப் பேரை அதே எண்ணிக்கையால் விரட்டும் வேலை நடக்கிறது.

அடுத்தது, நிரப்பல். நல்ல யோசனை ஐந்துதான் இருக்கிறது, தலைப்புக்குப் பத்து வேண்டும். மீதி ஐந்து எப்படியோ வந்து சேர்கின்றன: "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" ரகம். எழுதுபவர் நினைப்பது, கூடுதலாகக் கொடுத்தால் நஷ்டம் இல்லையே என்று. 2012-ல் கிம்பர்லி வீவர், ஸ்டீபன் கார்சியா, நோர்பர்ட் ஷ்வார்ஸ் மூவரும் இது ஏன் தப்புக்கணக்கு என்று காட்டினார்கள். கொடுப்பவர் கூட்டிப் பார்க்கிறார், பெறுபவர் சராசரி பார்க்கிறார். அருமையான ஒன்றோடு சுமாரான ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் பெறுபவரின் கண்ணில் மொத்த மதிப்பு குறைகிறது. பத்தாவது உருப்படி வீணானது மட்டுமல்ல, முதல் ஐந்தையும் கீழே இழுக்கிறது. தலைப்பை முதலில் முடிவுசெய்து விஷயத்தை அப்புறம் தேடும் முறையில் இது நடக்காமல் இருப்பது கடினம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பட்டியல், உருப்படிகளுக்கு நடுவே உள்ள உறவை அழித்துவிடுகிறது.

"நன்றாகத் தூங்க 9 வழிகள்" என்பதை எடுத்துக்கொள்வோம். மாலையில் காபி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், பகல் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று போகும். ஒவ்வொன்றும் தனித்தனி அறிவுரையாக நிற்கிறது. ஆனால் இவற்றை ஆட்டிவைப்பவை இரண்டே விஷயங்கள்: விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் தூக்க அழுத்தம், வெளிச்சத்துக்கு ஏற்ப ஓடும் உடல் கடிகாரம். பகல் தூக்கம் அழுத்தத்தைக் கரைக்கிறது. காபி அந்த அழுத்தத்தை மூளை உணராமல் தடுக்கிறது. ஒரே நேரத்தில் எழுவது கடிகாரத்தைச் சீராக்குகிறது. இதைச் சொல்லிவிட்டால் பத்தாவது, பதினொன்றாவது வழியை வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார். முரண்படும் அறிவுரை வந்தால் எதைக் கேட்பது என்றும் அவருக்குத் தெரியும். பட்டியலில் இதற்கு இடம் இல்லை. "ஏனென்றால்", "ஆகையால்", "இல்லாவிட்டால்" போன்ற சொற்கள் உருப்படிகளின் நடுவே வர முடியாது. வந்தால் அது பட்டியலாக இருக்காது.

நினைவு ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 1969-ல் கோர்டன் பவரும் சக ஆய்வாளர்களும் 112 சொற்களைச் சிலருக்குக் கிளை கிளையாக, பொருள் உறவோடு அடுக்கிக் காட்டினார்கள். கனிமங்களில் உலோகம், கல். உலோகத்தில் அரியது, சாதாரணமானது என்ற மாதிரி. மற்றவர்களுக்கு அதே அமைப்பில் சொற்களைக் கலைத்துப் போட்டுக் காட்டினார்கள். உறவோடு பார்த்தவர்கள் முதல் முறையிலேயே மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் நினைவுகூர்ந்தார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், சொற்களும் ஒன்றுதான். எண்களை வரிசையாகப் போட்டுவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

நான்காவதாக, எளிமை தரும் மயக்கம். ரால்ஃப் ரேபரும் நோர்பர்ட் ஷ்வார்ஸும் 1999-ல் செய்த சோதனையில், ஒரே மாதிரியான கூற்றுகளைப் படிக்க வசதியான நிறத்தில் காட்டியபோது, மங்கலான நிறத்தில் காட்டியதைவிடச் சற்று அதிகமானவர்கள் உண்மை என்று கருதினார்கள். படிக்க எளிது என்பதை மனம் "சரியாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறது. நல்ல இடைவெளி, தடித்த துணைத்தலைப்பு, குட்டி குட்டிப் பத்தி என்று வரும் பட்டியலும் இந்த வசதியைக் கொடுக்கிறது. படித்து முடித்ததும் "நிறையத் தெரிந்துகொண்டோம்" என்ற உணர்வு வருவது இதனால் இருக்கலாம். மறுநாள் அதில் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் வேறு பதில் வரும்.

தரவரிசையும் காசும்

"சிறந்த 10" பட்டியல்களுக்குத் தனி ஆபத்து உண்டு. வாசகர் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று இடங்களைத்தான் பார்ப்பார். ஆகவே முதலிடத்துக்கு விலை இருக்கிறது. பட்டியலில் உள்ள லிங்க் வழியாக வாங்கினால் தளத்துக்கு அஃபிலியேட் கமிஷன் வரும். எந்தப் பொருளுக்குக் கமிஷன் அதிகமோ அது மேலே ஏறுவதற்கான தூண்டுதலும் வரும். 2020-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் லெண்ட்எடு என்ற கடன் ஒப்பீட்டுத் தளத்தின் மீது இப்படி ஒரு குற்றச்சாட்டு வைத்தது: நடுநிலையானவை என்று சொல்லிக்கொண்ட தரவரிசைகளில், பணம் கொடுத்த நிறுவனங்களுக்கு உயர்ந்த இடம் தரப்பட்டது என்பது புகார். தளம் 3,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

தரவரிசையைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எதை அளந்து இந்த வரிசை வந்தது? அளவுகோலே சொல்லப்படவில்லை என்றால் அது தரவரிசை வேடம் போட்ட திரட்டு. 1 என்ற எண்ணுக்கு அங்கே பொருளே இல்லை.

பட்டியல் பேசும் சாட்பாட்

இந்தப் பழக்கம் இப்போது புது இடத்துக்கு வந்திருக்கிறது. சாட்பாட்டிடம் எதைக் கேட்டாலும் பதில் புள்ளி வைத்தோ எண் போட்டோ பட்டியலாக வருகிறது என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். இதற்கு ஒரு காரணம் பயிற்சி முறை. இரண்டு பதில்களைக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று மனிதர்களிடம் கேட்டு, அந்தத் தேர்வை நோக்கி சாட்பாட்டை இயக்கும் மாடலைத் திருப்புகிறார்கள். தேர்வு செய்பவரும் மேய்ந்து படிப்பவர்தான். அடுக்காக, முழுமையாகத் தோன்றும் பதில் அவரையும் கவரும்.

இது வெறும் ஊகம் அல்ல. பயனர்கள் இரண்டு பதில்களை ஒப்பிட்டு வாக்களிக்கும் சாட்பாட் அரீனா தளத்தை நடத்திய குழு, 2024 ஆகஸ்டில் வாக்குகளை மறுபடி அலசியது. பதிலின் நீளம், துணைத்தலைப்புகள், தடித்த எழுத்து, பட்டியல்கள் ஆகியவற்றின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துப் பார்த்தார்கள். மிகப் பெரிய பங்கு நீளத்துக்கு. வடிவமைப்புக்கும் சிறிய பங்கு இருந்தது. கழித்த பிறகு தரவரிசையில் சில மாடல்கள் ஏறின, சில இறங்கின. இறங்கியவற்றுக்கு விழுந்த வாக்குகளில் ஒரு பகுதி உள்ளடக்கத்துக்கு அல்ல, பதிலின் நீளத்துக்கும் அதை அடுக்கிக் காட்டிய விதத்துக்கும் விழுந்தது.